பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, டயரை மாற்ற வேண்டுமா?

காருக்கு 5 வயது, 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, சர்வீஸுக்கு விட்ட இடத்தில் நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள், ஆனால் எனக்குப் பார்த்தால் பட்டன், அதாவது சாலையைத் தொடுகிற பள்ளம் வெட்டிய ரப்பர், நன்றாகவே இருக்கிறது, இது தலையில் கட்டுகிற வேலையா, இல்லை எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே இருக்கலாம். "நாலையும் மாற்றுங்கள்" என்று மொத்தமாகச் சொல்கிறவரிடம் "எந்த டயர், எத்தனை மில்லிமீட்டர், எந்த இடத்தில்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அவர் பார்த்திருக்கிறார். மழுப்பினால் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் "நன்றாகவே இருக்கிறது" என்பதையும் நான் அப்படியே நம்ப மாட்டேன். நின்றபடி குனிந்து பார்த்தால் தெரிவது டயரின் வெளிவிளிம்பும் பக்கச்சுவரும் மட்டும்தான். டயர் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கே இல்லை.

என் கதையையே சொல்கிறேன். முன்பு வைத்திருந்த காரில் வாராவாரம் டயரைப் பார்ப்பேன். கழுவும்போது சுற்றி வந்து ஒவ்வொன்றையும் ஒரு பார்வை, நல்ல பிள்ளை மாதிரி. ஒருநாள் வேறு வேலைக்காக முன்சக்கரத்தைக் கழற்றித் தரையில் சாய்த்தேன். வெளிப்பக்கம் பாதி பட்டன் மிச்சம் இருந்த அதே டயரின் உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. மொழுமொழுவென்று இருந்தது. அதில் ஓரிடத்தில் விரலை வைத்ததும் சுருக்கென்று குத்தியது. உள்ளே இருக்கிற ஸ்டீல் பெல்ட்டின் கம்பி, மீசை முடி மாதிரி இரண்டு இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த டயரில்தான் முந்தைய வாரம் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போய் வந்திருந்தேன். அன்றிலிருந்து டயரை நான் பார்ப்பதில்லை, தடவுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு டார்ச், காற்றழுத்தம் பார்க்கிற சொந்தக் கேஜ், பட்டன் ஆழம் அளக்கிற சின்னக் கருவி, ஒரு சாக்பீஸ், ஒரு பழைய துணி. இவ்வளவு போதும். கால் மணி நேரம் ஆகும்.

முதலில் காற்று. அதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அந்த அளவுக்கு மதிப்பு. கார் குறைந்தது 3 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓட ஓட டயர் சூடாகும், உள்ளே அழுத்தம் 4, 5 பாயிண்ட் (பிஎஸ்ஐ) ஏறிவிடும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. மறுநாள் காலையில் அந்த டயர் தேவையைவிடக் குறைவான காற்றோடு நிற்கும். எத்தனை பாயிண்ட் வைப்பது என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் இருக்கும், சில கார்களில் பெட்ரோல் மூடிக்கு உட்புறம். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கிற எண், அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம், உங்கள் காருக்கான அளவு அல்ல. இதைக் குழப்பிக்கொள்கிறவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு. ஸ்டிக்கரில் ஆள் குறைவாகப் போனால் ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என இரண்டு அளவு இருந்தால், ஊருக்குக் கிளம்பும்போது இரண்டாவதைப் பாருங்கள்.

பழுதே இல்லாத டயரும் மாதத்துக்கு ஒரு பாயிண்ட் அளவுக்குத் தானாகக் காற்றை இழக்கும். வெளியே வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் இன்னும் 2 பாயிண்ட் போகும். நாலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் கவலை இல்லை, நிரப்பிக்கொள்ளலாம். மூன்று 31-இல் நிற்க, ஒன்று மட்டும் 26 காட்டினால் அதில் ஏதோ இருக்கிறது, சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று அதை நம்பி உட்கார வேண்டாம். அமெரிக்க விதியின்படியே, குறித்த அளவில் 25 சதவீதம் குறைந்த பிறகு அந்த விளக்கு எரிந்தால் போதும். 33 வைக்க வேண்டிய டயர் 25-க்கு வந்த பிறகு. அதோடு சில கார்களில் உள்ளே அழுத்தமானியே கிடையாது. காற்றுக் குறைந்த சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றுவதை வைத்துக் கண்டுபிடிக்கும். நாலும் சேர்ந்து மெல்லக் குறைந்தால் அதற்குத் தெரியாமலே போகலாம்.

சரி, இப்போது பட்டன். புது டயரில் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கிற கடைசி எல்லை 1.6 மில்லிமீட்டர். அந்த எல்லையை டயரிலேயே வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். சுற்றி வரும் பெரிய பள்ளங்களுக்குள் விரலை விட்டுத் தேடினால் குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு தட்டும். சுற்றிலும் ஆறு இடங்களிலாவது இருக்கும். எங்கே இருக்கிறது என்று காட்டப் பக்கச்சுவரின் மேல்விளிம்பில் ஒரு குட்டி முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்துகளோ இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது, பேச்சே இல்லை.

அதுவரை ஓட்டலாமா என்றால் நான் ஓட்ட மாட்டேன். பள்ளங்கள் இருப்பது பிடிமானத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த தார்ச்சாலையில் மொட்டை டயர்கூட நன்றாகத்தான் பிடிக்கும், பந்தயக் கார்கள் அதில்தான் ஓடுகின்றன. பள்ளங்களின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. ஒரு டயர் சாலையைத் தொடுகிற இடம் உங்கள் உள்ளங்கை அளவுதான். மழையில் ஓடும்போது அந்த உள்ளங்கைக்கு அடியிலிருக்கும் தண்ணீர் கண் இமைக்கும் நேரத்தில் பள்ளத்துக்குள் ஒதுங்கி வெளியேற வேண்டும். ஒதுங்க இடம் இல்லையென்றால் டயர் தண்ணீரின் மேல் ஏறிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் கார் கேட்காது. இந்தத் திறன் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வேகமாகச் சரிகிறது. எனவே என் கணக்கு 3. அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது 1.4 மில்லிமீட்டர்தான். அதைச் சேமிப்பதற்காக ஒரு மழைக்காலத்தை ஓட்டிப் பார்க்க எனக்கு மனம் வராது. மழையே பார்க்காத இடத்தில் மெதுவாக ஓட்டுகிறவர் 2 வரை போவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அளக்கும்போது ஒரு தவறு நடக்கும். கருவியின் முள்ளை அந்தச் சின்ன மேட்டின் மேலே வைத்துவிடுவார்கள், ஆழம் குறைவாகக் காட்டும். மேடு இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். உள்விளிம்புப் பள்ளத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வெளிவிளிம்புப் பள்ளத்தில் ஒன்று. பிறகு காரை அரைச்சுற்று தள்ளி மீண்டும் மூன்று. நாணயத்தைச் செருகிப் பார்க்கிற வித்தை ஒன்று உண்டு. நாட்டுக்கு நாடு நாணயம் வேறு, அதனால் எங்கோ படித்ததை உங்கள் பையிலிருக்கும் காசை வைத்துச் செய்தால் அது அளவே அல்ல. மூன்று இடத்திலும் வந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஆழத்தைவிட அந்த மூன்று எண்களுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம்தான் நிறையச் சொல்லும்.

முன்சக்கரத்தின் உள்விளிம்பைப் பார்ப்பது சுலபம். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வைத்தால் ஒரு டயரின் உள்பக்கம் பின்னாலும், இன்னொன்றின் உள்பக்கம் முன்னாலும் திரும்பி நிற்கும். இறங்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சக்கரம் திரும்பாது. தரையில் துணியை விரித்துப் படுக்க வேண்டும், அல்லது கைபேசியில் வீடியோவைப் போட்டு, விளக்கையும் எரியவிட்டு, டயருக்குப் பின்னால் கையை நீட்டி ஓர் ஓட்டு ஓட்டி எடுத்துவிட்டு உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். ஜாக்கி மட்டும் போட்டு வண்டிக்கு அடியில் தலையை விடுகிற வேலை வேண்டாம். ஜாக்கி சக்கரம் மாற்றத்தான், கீழே படுக்க அல்ல.

இனி தேய்மானத்தைப் படிப்பது. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கே டயர் தன்னைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுக் காரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் மிச்சம் இருந்தால், பல காலம் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. காற்றில்லாத டயர் நடுவில் குழிந்து ஓரங்களில் உட்காரும். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஆனால் இப்போதைய ரேடியல் டயர்களில் ஸ்டீல் பெல்ட் நடுப்பகுதியைத் தட்டையாகப் பிடித்து வைத்திருப்பதால் இது அந்தக் காலம் போலத் தெளிவாகத் தெரிவதில்லை. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் நிற்கிற கோணம் சரியில்லை, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஒரு பள்ளத்தில் பலமாக இறங்கினால் போதும், கோணம் மாறிவிடும். அதோடு சக்கரத்தைக் காரோடு பிணைக்கிற மூட்டுகளான புஷ், பால் ஜாயின்ட் தேய்ந்து ஆடினாலும் இதே விளைவுதான். அவற்றைப் பார்க்காமல் அலைன்மென்ட் மட்டும் செய்தால் ஒரு மாதத்தில் பழைய கதை திரும்பும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. கைக்கு மட்டும் தெரிகிற ஒன்று இருக்கிறது. உள்ளங்கையைப் பட்டனின் மேல் வைத்து, வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு மெல்ல இழுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு பக்கம் இழுக்கும்போது வழவழவென்று போய், எதிர்ப்பக்கம் இழுக்கும்போது ஒவ்வொரு கட்டையின் ஓரமும் நறநறவென்று தோலில் பிடித்தால், மீனைச் செதிலுக்கு எதிராகத் தடவுகிற மாதிரி இருந்தால், சக்கரங்கள் நேராக உருளவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடுகின்றன. ஆழம் அளந்தால் மூன்று இடமும் ஒரே எண்ணாக இருக்கலாம், கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. கை மட்டும் சொல்லிவிடும். இந்தக் கட்டத்தில் அலைன்மென்ட் செய்துவிட்டால் டயர் பிழைக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்த பிறகு செய்தால் அடுத்த டயர்தான் பிழைக்கும். ஆனால் நீட்டியிருக்கிற கம்பி இருக்கலாம் என்பதால், முதலில் பார்த்துவிட்டுப் பிறகு தடவுங்கள். என் விரல் கற்ற பாடம் அது.

அடுத்து டயரைச் சுற்றிய திசையில் கையை ஓட்டுங்கள். மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று அலை அலையாகத் தட்டினால் ஷாக் அப்சார்பர் களைத்துவிட்டது, அல்லது சக்கரம் பேலன்ஸ் இல்லை. சக்கரம் சாலையோடு ஒட்டி ஓடாமல் துள்ளித் துள்ளி இறங்கியிருக்கிறது. இப்படித் தேய்ந்த டயர் ஓடும்போது உம்மென்று ஒரு சத்தம் கொடுக்கும். வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருக்கத் தலையைச் சொறிந்தவர்களை எனக்குத் தெரியும். நீங்களே பிரித்துப் பார்க்கலாம். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். சாலை எப்படி இருந்தாலும் மாறாமல், வளைவில் ஒரு பக்கம் பாரம் சாயும்போது மட்டும் கூடியோ குறைந்தோ கேட்டால் பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகச் சீவின மாதிரி இருந்தால் எப்போதோ பிரேக்கை அழுத்திச் சக்கரம் சுற்றாமல் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது. நாட்கணக்கில் நிறுத்திவைத்த காரிலும் கிளம்பியவுடன் டக் டக் என்று வரும். அது சில கிலோமீட்டரில் டயர் சூடானதும் போய்விடும்.

தேய்மானம் மெல்ல நடப்பது, அவகாசம் தரும். பக்கச்சுவரின் காயம் அப்படி இல்லை. அதனால் இங்கே நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. துணியால் சேற்றைத் துடைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் டயரின் மேல் சாய்வாகப் படும்படி பிடியுங்கள். சின்ன வீக்கத்துக்கும் நிழல் விழும். எங்காவது எலுமிச்சை பாதி அளவுக்கு உப்பியிருந்தால், ஏன் சுண்டைக்காய் அளவுக்கு உப்பியிருந்தால்கூட, அந்த டயரின் ஆயுள் முடிந்தது. பக்கச்சுவருக்குள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை பாலியெஸ்டர் நூல்கள் வரிசையாக ஓடுகின்றன. காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்கள்தான், ரப்பர் அல்ல. வேகமாகப் போய்ப் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது டயர் அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்குகிறது, சில நூல்கள் அறுந்துவிடுகின்றன. வெளியே கீறல்கூட இருக்காது. பிறகு அந்த இடத்தில் வெறும் ரப்பர்தான் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும், அது உப்புகிறது. ஒட்டுப் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. "இப்படியே ஒரு வருடமாக ஓடுகிறது" என்று யாராவது சொன்னால், இதுவரை ஓடியிருக்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

இங்கே ஒரு வீண் பயத்தையும் போக்கிவிடுகிறேன். பக்கச்சுவரில் வெளியே உப்பாமல், மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பள்ளம், விரலால் கோடு இழுத்த மாதிரி தெரியலாம். காற்று நிறைய இருக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். நூல் விரிப்பின் இரண்டு முனையும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒட்டிய இடம் அது. அங்கே நூல் இரட்டிப்பாக இருப்பதால் மற்ற இடம் அளவுக்கு விரியாது. அது பழுது அல்ல. உள்ளே போனால் சரி, வெளியே வந்தால் மாற்று, அவ்வளவுதான் கணக்கு.

நடைபாதைக் கல்லில் உரசிய சிராய்ப்பு பெரும்பாலும் அழகைத்தான் கெடுக்கும். வெட்டு என்றால், பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தி அதன் வாயைத் திறந்து பாருங்கள். கறுப்பு ரப்பர் மட்டும் தெரிந்தால் ஆழமில்லை. வெளிறிய நூலோ கம்பியோ தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குடைந்து ஆழம் பார்க்காதீர்கள், பாதிக் காயத்தை நீங்களே முழுதாக்கிவிடுவீர்கள். இன்னொன்று, பட்டன் பகுதியிலேயே ஓரிடம் மேடாக எழும்பி, ஓடும்போது நாளுக்கு நாள் ஆட்டம் கூடிக்கொண்டே போனால் உள்ளே பெல்ட் பிரிய ஆரம்பித்திருக்கலாம். அப்படி இருந்தால் அந்த டயரில் கடைக்குக்கூட ஓட்டிப் போகாமல், ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போங்கள்.

வயது. உங்கள் கேள்வியில் இதுதான் முக்கியமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் கடைசியில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர், அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம். இந்த நான்கு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அது உள்பக்கமாக மாட்டப்பட்டிருக்கலாம். காணவில்லையே என்று விட்டுவிடாமல் அந்த வீடியோவில் தேடுங்கள். டயருக்கு வயது தயாரித்த நாளிலிருந்து, நீங்கள் கார் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

ஐந்து வயதுக்குப் பிறகு வருடம் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வயதில் மாற்றிவிடுங்கள் என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்கிற பொதுவான அறிவுரை. அதற்குள் நல்ல டயர் எது, முடிந்த டயர் எது என்பதை வெடிப்புகள் காட்டும். காற்றிலிருக்கும் ஓசோனும் வெயிலும் ரப்பரை இறுகவைக்கின்றன. அதைத் தடுக்க ரப்பரோடு ஒருவகை மெழுகும் மருந்தும் கலந்திருப்பார்கள். டயர் ஓடி நெளியும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து மேலே படலம் போடும். பக்கச்சுவர் பழுப்படித்துத் தெரிவது பெரும்பாலும் இதுதான், அழுக்கு அல்ல. பளபளப்புக்கு எதையாவது தேய்த்து அதைப் போக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடாமல் நிற்கிற காரில் இந்தக் கசிவு நடக்காது, அதனால் குறைவாக ஓடிய காரின் டயர் அதிகம் ஓடியதைவிட மோசமாக வெடித்திருப்பதைப் பார்க்கலாம். தலைமுடி மாதிரி மேலாக ஓடும் கீறல்கள் என்றால் கண்காணிக்கலாம். நகம் உள்ளே இறங்குகிற வெடிப்பு, பள்ளத்தின் அடியில் சுற்றிலும் ஓடுகிற வெடிப்பு, ரிம்முக்குப் பக்கத்தில் வட்டமாக வருகிற வெடிப்பு, இவை மூன்றும் வேண்டாம்.

பட்டனில் ஆணி இருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். அது பாதி ரப்பரோடு நின்றிருக்கலாம், அல்லது ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். சோப்புத் தண்ணீரை அதன் மேல் விடுங்கள். குமிழி வந்தால் பஞ்சர். வராவிட்டால் மெல்ல எடுத்து, மீண்டும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நடுப்பட்டனில், 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாத ஓட்டையை ஒட்டலாம். ஓரத்திலோ பக்கச்சுவரிலோ இருந்தால் கூடாது, அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் ஒட்டு நிற்காது. டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து திரி செருகி ஒட்டுவதை ஊர் போய்ச் சேருவதற்கான ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி, உள்பக்கத்தையும் பார்த்து, காளான் வடிவ ஒட்டை உள்ளிருந்து போடுவதுதான் முறையான வேலை. காற்று இறங்கிய பிறகும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் கழற்றிப் பார்க்காமல் ஒட்டவே கூடாது. உள்ளே கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டினால், பக்கச்சுவர் உட்புறமாக அரைபட்டுவிட்டது. வெளியே புதுசு மாதிரி இருக்கும்.

வால்வையும் விட்டுவிடாதீர்கள். ரப்பர் காம்பை மெல்ல வளைத்துப் பாருங்கள், அடியில் வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டும். டயர் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். மூடி காணாமல் போயிருந்தால் ஒன்று வாங்கிப் போடுங்கள், தூசி உள்ளே போய்த்தான் பல வால்வுகள் கசிகின்றன.

இனி உங்கள் முடிவு. நாலு டயரிலும் மூன்று மூன்று எண், நாலு தேதி. 38,000 கிலோமீட்டரில், இதுவரை டயர்களை முன்பின் இடம் மாற்றாமல் ஓட்டியிருந்தால், முன்சக்கரம் இழுக்கிற காராக இருக்கும்பட்சத்தில் முன்னால் 3-ஐ ஒட்டியும் பின்னால் 5-க்குப் பக்கத்திலும் வந்தால் ஆச்சரியமில்லை. திரும்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே முன்னால்தானே. அப்படி வந்து, வெடிப்பு வீக்கம் எதுவும் இல்லையென்றால் நாலை மாற்றத் தேவையில்லை, இரண்டு போதும். நாலு சக்கரமும் இழுக்கிற கார் என்றால் மட்டும் முன்பின் டயர்களின் சுற்றளவு வித்தியாசம் எவ்வளவு இருக்கலாம் என்று காரின் கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு வாங்கினால் பழையதன் அதே அளவு, அதே சுமை எண், அதே வேகக் குறியீடு. 88 எச் என்றிருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும் என்று பொருள், அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

புது டயரை எங்கே மாட்டுவது என்பதில் கடைக்காரரோடு ஒரு சின்ன வாக்குவாதம் வரலாம். முன்னால் என்று சொல்வார். பின்னால் மாட்டச் சொல்லுங்கள், பின்னால் இருக்கிற நல்ல டயர்கள் முன்னால் வரட்டும். ஈரச்சாலையில் முன்டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பும். பின்டயர் வழுக்கினால் வால் சுழன்று முன்னால் வந்துவிடும், அதைச் சமாளிக்கிற கை நம்மில் மிகச் சிலருக்குத்தான். அதன் பிறகு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிக்கொண்டே வந்தால் நாலும் ஒன்றாகத் தேயும். பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கிற டயரை இடமிருந்து வலமாக மாற்றக் கூடாது, அதே பக்கத்திலேயே முன்பின் மட்டும்.

நாலையும் அளந்து முடித்ததும் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். இந்தச் சொல்லுக்கே ஒரு கதை உண்டு. தொடக்கக் காலக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் வந்தன. 1904 வாக்கில் வேல்ஸில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் தனியாக ஒரு மாற்றுச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது, அங்கேயே மறந்துபோன சொல் நம் வாயில் இன்னும் ஓடுகிறது. அதுவும் உங்கள் கார் பிறந்தபோதே வந்தது, அதற்கும் அதே வயது, ஓடாததால் பட்டன் மட்டும் முழுசாக இருக்கும். தேதி பாருங்கள், வெடிப்புப் பாருங்கள், காற்றைப் பாருங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியாக இருந்தால் அதற்குக் காற்று மற்றதைப் போல 33 அல்ல, பெரும்பாலும் 60 பாயிண்ட், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவும் கூடாது. இரண்டும் அதன் மேலேயே அச்சடித்திருக்கும். என் கம்பி நீட்டிய டயரைக் கழற்றிய அன்று நான் திறந்து பார்த்த ஸ்டெப்னியில் இருந்தது 11 பாயிண்ட்.